மனைப்புறாவின் நோய்: மைசூருவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மைசூரு நகரின் கும்பாரகொப்பல் பகுதியில் பறவைக்காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் இருந்த வளர்ப்புப் பறவைகளை அழிக்க மாவட்ட நிருவாகம் முடிவு செய்தது. கோழிகளோடு, வீடுகளில் செல்லமாக வளர்க்கப்பட்ட பறவைகளும் அம்முடிவிற்கு உட்பட்டன. அதே திங்களின் இறுதியில் நாடு முழுவதும் பொதுமுடக்கம் வந்தமையால் இந்நிகழ்வு பெரிதும் கவனம் பெறவில்லை. ஆயினும் இது பழைய வினா ஒன்றை மீண்டும் எழுப்புகிறது. கோழியைப் போல் உணவுக்கும் உதவாது, பசுவைப் போல் உழைப்புக்கும் உதவாது, அன்பின் பொருட்டே வளர்க்கப்படும் புறா நோயுற்றபோது அந்நோயை அறிவுலகம் எவ்வாறு கண்டது? அந்நோய் பெரும்பாலும் பிறிதோர் உயிரின் பொருட்டே கவனிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இலக்கியத்தில் மனைப்புறா

புறா மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததைத் தமிழ்ச் சொல்வழக்கே காட்டும். வீட்டு மாடத்தில் தங்குவது மாடப்புறா. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்க்காலத்தைப் புனையுமிடத்து, மனையில் வாழும் ஆண்புறா ஒன்றைக் காட்டுகிறார். அது தன் பெடையோடு மன்றத்திற்குச் சென்று இரை தேடவில்லை. பகலும் இரவும் அறியாது மயங்கிச் செயலற்று, கட்டையின்மேல் இடம் மாறி மாறி இருக்கிறது. அவர் கூறுவது நோயன்று, குளிரின் கொடுமையே. எனினும் இரை நாடாமை, மயக்கம், ஓரிடத்தே ஒடுங்கியிருத்தல் ஆகிய இக்குறிகளே இன்றும் புறா வளர்ப்போர் நோயின் முதல் அடையாளமாகக் கொள்பவை. பறவையைத் தொடாமலே அதன் நலிவை அறியும் கூர்நோக்கு அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு இப்பகுதி சான்றாகும்.

புறாவின் துயர்தீர்க்கத் துலாக்கோலில் தன்னையே நிறுத்த சோழர் முன்னோனின் கதையைப் புறநானூற்றுப் பாடல்கள் பல சுட்டுகின்றன. ஒரு புறாவின் உயிர் ஓர் அரசனின் உடலுக்கு ஒப்பாக வைக்கப்பட்ட மரபு இது. இம்மரபுடைய நாட்டில் புறாவுக்கு மருத்துவ நூல் தோன்றியிருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பே.

மருத்துவ நூல்களும் புறாவும்

இந்தியாவில் விலங்கு மருத்துவ நூல்களுக்குக் குறைவில்லை. யானைக்குப் பாலகாப்பியரின் பெயரால் வழங்கும் நூலும், குதிரைக்குச் சாலிகோத்திரரின் பெயரால் வழங்கும் நூல்களும் உள்ளன. தமிழில் மாட்டு வாகடங்கள் வழங்கின. பறவைகளுள் இச்சிறப்பைப் பெற்றது வேட்டைப் பருந்தினம். குமாயூன் அரசர் ருத்ரதேவர் இயற்றிய சியைனிக சாத்திரம் அவற்றின் பயிற்சியோடு நோய்களையும் மருந்துகளையும் கூறுகிறது. இந்நூலை 1910இல் அரப்பிரசாத சாத்திரி பதிப்பித்தார்.

போருக்கும் உழவுக்கும் வேட்டைக்கும் பயன்பட்டவற்றின் நோய்கள் ஏடேறின. புறாவோ விளையாட்டுப் பொருளாகவே நூல்களில் இடம்பெற்றது. மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் கோழிச்சண்டை, காடைச்சண்டை முதலியவற்றோடு ‘பாராவத வினோதம்’ என்னும் புறா விளையாட்டையும் அரசர் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக வைக்கிறது. புறாவைக் குறிக்கும் ‘பாரிவாள’ என்னும் கன்னடச் சொல்லும் இப்பாராவதத்தோடு தொடர்புடையதே. இந்நூலின் முதற்பகுதி அபிலஷிதார்த்த சிந்தாமணி என்னும் பெயரில் 1926இல் மைசூரில் ஆர். சாமசாத்திரியால் வெளியிடப்பட்டது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

அரசவைக் கூண்டுகள்

முகலாயர் காலத்தில் புறா வளர்ப்பு பெருங்கலையாக வளர்ந்தது. அக்பரின் அரண்மனையில் 20,000க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும், அவற்றுள் 500 சிறப்பு வகையின என்றும் அபுல் பசல் அயினி அக்பரியில் எழுதுகிறார். நிறம், கரணம், சுழற்சி, தீவனம் ஆகியன அவர் விளக்கத்தில் சிறப்பிடம் பெறுகின்றன.

தென்னிந்தியாவோடு தொடர்புடைய பாரசீக நூல் ஒன்றும் உண்டு. 1770இல் மறைந்த சையத் முகம்மது மூசவி புறாக்கள் பற்றி எழுதிய நூலின் மொழிபெயர்ப்பைச் சென்னை ஆட்சிப்பணியில் இருந்த சர் வால்டர் எலியட் சார்லசு டார்வினுக்கு அளித்தார். எலியட் அமராவதிச் சிற்பங்களின்வழித் தொல்லியலார்க்கு நன்கு அறிமுகமானவர். வளர்ப்புப் புறா இனங்களின் பழைமையை 1868இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைக்க டார்வின் இதனைச் சான்றாகக் கொண்டார். புறா இப்போது அறிவியலின் மேசைக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கும் வினவப்பட்டது அதன் தோற்றமே, அதன் நலமன்று.

ஆய்வகத்தில் புறா

புறாவின் நோயை ஆய்வகம் கண்டது மனித நோய்களைத் தேடிய வழியில்தான். மலேரியா பரவும் முறையை 1898இல் கல்கத்தாவில் ஆராய்ந்த ரொனால்டு ராசு பறவைகளின் குருதியில் வாழும் ஒட்டுண்ணிகளைப் பயன்படுத்தினார். புறாவின் குருதியில் காணப்படும் ஈமோபுரோட்டியசு கொசுவால் பரவுவதன்று. இறகுகளினூடே ஓடித்திரியும் தட்டையான புறா ஈயே அதனைப் பரப்புகிறது என்பதை 1906இல் அல்சீரியாவில் செர்ஜான் சகோதரர்கள் காட்டினர். அந்த ஈயின் உடலில் ஒட்டுண்ணி வளரும் நிலைகளை 1915இல் இந்தியாவில் ஆராய்ந்து வெளியிட்டவர் ஹெலன் ஆடி என்னும் பெண்மணி. இன்று கூண்டில் ஈ ஒழிப்பதைப் புறா மலேரியாவிற்கு முதல் மருந்தாகக் கூறுவது இவ்வாய்வுகளின் பயனே.

அடுத்த கட்டம் கோழியின் பொருட்டு நிகழ்ந்தது. 1926இல் சாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட கோழிக்கொள்ளைநோய், இந்தியாவில் குமாயூன் மலைப்பகுதியின் இராணிக்கேத்து ஊரால் பெயர்பெற்றது. தமிழ்நாட்டார் இதனை வெள்ளைக்கழிச்சல் என்பர். 1940களில் முக்தேசுவரம் ஆய்வு நிறுவனத்தில் இதற்குத் தடுப்பூசி உருவாக்கப்பட்டது. இந்நோய் நுண்ணுயிரியின் புறாவுக்குரிய வகை 1970களின் இறுதியில் மேற்காசியாவில் தலைகாட்டி, 1980களில் ஐரோப்பாவின் பந்தயப் புறாக்களிடையே பரவியது. 1984இல் பிரித்தானியத் துறைமுகக் கிடங்குகளில் புறாக்களின் எச்சம் கலந்த தீவனத்தால் கோழிப்பண்ணைகளுக்கும் தொற்றியது. அதன்பின் புறாவின் நோய் பொருளாதாரச் சிக்கலாயிற்று.

மூன்றாவது கட்டம் வளர்ப்போரின் உடல்நலம். புறாவின் எச்சத்தூசியாலும் இறகுத்தூசியாலும் நேரும் நுரையீரல் ஒவ்வாமை 1965இல் மருத்துவ இதழ்களில் தனிநோயாக விளக்கப்பட்டது. மைசூருவில் 2020களில் அரண்மனையைச் சூழ்ந்த பகுதியில் புறாக்களுக்குத் தீனி இடுவது குறித்து எழுந்த எதிர்ப்பிலும் மரபுக் கட்டடங்களின் கேட்டோடு மனிதர் நுரையீரல் பற்றிய அச்சமும் பேசப்பட்டது.

வளர்ப்போர் அறிவு

நூல்கள் எழுதாது விட்டதை வளர்ப்போர் தம் பட்டறிவால் நிரப்பினர். புறாக்கூட்டத்தில் நோய் புகுந்தால் அவர்கள் செய்யும் முதற்செயல் பிரித்துவைத்தல். புதிதாக வாங்கிய பறவையைச் சில வாரங்களேனும் தனிக்கூண்டில் வைத்த பின்னரே கூட்டத்தில் விடுவர். நீர்க்கலத்தை நாள்தோறும் கழுவுதல், தானியத்தை வெயிலில் உலர்த்துதல், தரையை ஈரமின்றி வைத்துச் சுண்ணாம்பு தூவுதல் ஆகியன வழக்கங்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு இன்றைய அறிவியலில் காரணம் உண்டு.

சான்றாக வாய்ப்புண் நோயைக் கூறலாம். டிரைக்கோமோனாசு என்னும் ஓரணு உயிரியால் தொண்டையில் மஞ்சள்நிறக் கட்டி படியும். தாயும் தந்தையும் குஞ்சுக்கு ஊட்டும் புறாப்பாலின் வழியாகவும், பொதுநீரின் வழியாகவும் இது பரவுகிறது. எனவே நோயற்றதுபோல் தோன்றும் பெற்றோரே குஞ்சுக்கு நோய் தருவதும் உண்டு. மருத்துவர் அளவிட்டுத் தரும் மெட்ரோனிடசோல் போன்ற மருந்தால் இது தீரும்.

கழுத்துத் திருகும் நோய் வேறுபட்டது. மேலே கூறிய நுண்ணுயிரியால் வரும் இந்நோயில் எச்சம் நீர்த்துப் போகும். பறவை தானியத்தைக் குறிபார்த்துக் கொத்த இயலாது தவறும். பின்னர்க் கழுத்து முறுக்கித் தலை கவிழும். நுண்ணுயிரியைக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை. மஞ்சளும் பூண்டும் வேம்பும் இதனைத் தீர்த்தன என்பார் உளர். அவை நுண்ணுயிரியை அழிக்கும் என்பதற்குச் சான்றில்லை. தனித்து வைத்து, ஊறவைத்த பயற்றை ஒவ்வொன்றாக வாயில் ஊட்டி, நீர் புகட்டினால் பல புறாக்கள் சில வாரங்களில் தேறும். அவை பசியாலும் நீரின்மையாலும் இறப்பதைத் தடுப்பதே இப்பணியின் பயன். நோயற்ற பறவைகளுக்கு முன்கூட்டியே தடுப்பூசி இடுவது ஒன்றே உறுதியான காப்பு.

மைசூருவில் இரு நிகழ்வுகள்

பறவைக்காய்ச்சல் இவ்வளர்ப்போர் அறிவின் எல்லையைக் காட்டியது. 1892இல் நிறுவப்பட்ட மைசூரு சாமராசேந்திர விலங்குக்காட்சிச் சாலையில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் நீர்ப்பறவைகள் சில இறந்தன. எச்5என்8 வகைத் தொற்று உறுதியானதும், 2017 சனவரித் தொடக்கத்தில் சாலை ஒரு திங்கள் மூடப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் கும்பாரகொப்பலில் நேர்ந்தது குடியிருப்புப் பகுதியின் சிக்கல்.

இங்கு இரு நியாயங்கள் எதிரெதிரே நின்றன. பறவைக்காய்ச்சல் மனிதரையும் கொல்லவல்லது. தொற்று வட்டத்துள் விரைந்து செயற்படாவிடின் இழப்பு பெருகும். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2009 அரசுக்கு இவ்வதிகாரத்தை வழங்குகிறது. மறுபுறம், ஆய்வுகள் புறாவை இந்நோய்க்குக் கோழியினும் எதிர்ப்பாற்றல் மிக்கதாகக் காட்டுகின்றன. ஊறவைத்த பயற்றை ஊட்டி ஒவ்வொரு பறவையையும் மீட்பதையே நோய் நீக்கமாக அறிந்த வளர்ப்போர்க்கு, நோய்க்குறியற்ற பறவையையும் ஒப்படைக்கவேண்டும் என்னும் ஆணை விளங்குதற்கரியது. அரசின் கணக்கு வட்டத்தை அலகாகக் கொள்கிறது. வளர்ப்போரின் கணக்கு ஒரு பறவையை அலகாகக் கொள்கிறது. இரண்டிற்கும் இடையே உரையாடலுக்குரிய மொழி உருவாகவில்லை. புறாவின் நோய் அதற்கெனத் தனித்து எழுதப்படாமையே இதற்கு அடிப்படை எனலாம்.

முடிவுரை

யானை, குதிரை, மாடு, வேட்டைப்பருந்து ஆகியவற்றின் நோய்கள் அவற்றின் பயன்பாட்டால் நூலாயின. புறாவின் நோய் மலேரியாவுக்காகவும் கோழிக்காகவும் மனித நுரையீரலுக்காகவும் ஆராயப்பட்டது. அவ்வாய்வுகளால் புறாவும் பயன்பெற்றது என்பது மறுக்கவியலாது. எனினும் புறாவையே நோக்கிய கண் நெடுநல்வாடையிலும், பெயரறியா வளர்ப்போரின் வழக்கங்களிலுமே தொடர்ந்து இருந்துவந்துள்ளது. கன்னட, தமிழ், உருது பேசும் வளர்ப்போரிடம் வாய்மொழியாக உள்ள நோய்ப்பெயர்களையும் குறிகளையும் காப்புமுறைகளையும் தொகுப்பது மொழித்துறைகளும் கால்நடை மருத்துவத் துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். தொற்று அடுத்து வரும்போது, எப்பறவையை அழிப்பது, எதனைப் பிரித்துவைத்துக் காப்பது என்னும் முடிவுக்கு அத்தொகுப்பு துணைநிற்கும்.