காரக் கடுகு சாஸ்: எப்படிப் பயன்படுத்துவது? எங்கே வைப்பது?

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது"ன்னு வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீங்க. முழுக் கடுகுக்கு அது சரி. அரைத்துப் போத்தலில் அடைத்த கடுகு சாஸுக்கு அது பொருந்தாது. சரியாக வைக்காவிட்டால் காரம் மெல்ல மெல்லக் காணாமல் போய்விடும்.

காரம் எங்கிருந்து வருகிறது?

முழுக் கடுகை வாயில் போட்டால் உடனே காரம் தெரியாது. அதை நசுக்கித் தண்ணீர் சேர்த்தால்தான், அதில் இருக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்து காரத்தை உருவாக்கும். சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். எண்ணெயில் தாளித்த கடுகு காரமாக இல்லாமல் மணமாக இருப்பது அதனால்தான்.

மிளகாய்க் காரமும் இதுவும் ஒன்றா?

இல்லை. மிளகாயின் காரம் நாக்கிலேயே தங்கும். கடுகின் காரம் ஆவியாகி மூக்குக்கு ஏறும், சீக்கிரம் அடங்கிவிடும். வசாபி சாப்பிட்டால் 'சுர்'ருன்னு ஏறுமே, அதற்கும் இதே பொருள்தான் காரணம். மிளகாய் சேர்த்த கடுகு சாஸில் இரண்டு காரமும் இருக்கும். அதனால் முதலில் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்க.

எப்படிப் பயன்படுத்தலாம்?

- சாலட்: 3 பங்கு எண்ணெய், 1 பங்கு வினிகருடன் ஒரு தேக்கரண்டி கடுகு சாஸ் சேர்த்து அடிங்க. எண்ணெயும் வினிகரும் எளிதில் பிரியாது.
- குழம்பு, சூப்: அடுப்பை அணைத்த பிறகு சேருங்க. கொதிக்கவிட்டால் காரம் போய்விடும்.
- கடுகுத் தூள்: குளிர்ந்த நீரில் குழைத்து 10 நிமிடம் விடுங்க. பிறகு கொஞ்சம் வினிகர் சேர்த்தால் காரம் நீடிக்கும். சுடுநீர் வேண்டாம்.

குளிர்பதனப் பெட்டியில் வைக்கணுமா?

கடுகு சாஸில் வினிகரும் உப்பும் இருப்பதால் அது எளிதில் கெட்டுப்போகாது. ஆனால் நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் காரமும் மணமும் வேகமாகக் குறையும். திறந்த போத்தலைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. லேபிளில் என்ன போட்டிருக்கு என்பதையும் பாருங்க.

வீட்டில் பச்சைப் பூண்டு, மிளகாய் சேர்த்துச் செய்தால் குளிர்பதனப் பெட்டி கட்டாயம். சில நாளில் முடித்துவிடுங்க.

ஈரக் கரண்டியோ எச்சில் கரண்டியோ போத்தலுக்குள் போகவே கூடாது.

மேலே தண்ணீர் நிற்கிறதே, கெட்டுவிட்டதா?

பயப்பட வேண்டாம். சாஸ் பிரிந்திருக்கிறது; கலக்கினால் சரியாகிவிடும். பூஞ்சை இருந்தால், வாடை மாறியிருந்தால், மூடி உப்பியிருந்தால் தூக்கிப் போடுங்க. பூஞ்சையை மட்டும் வழித்து எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது.

யார் கவனமாக இருக்கணும்?

சிலருக்குக் கடுகு ஒவ்வாமை உண்டு. உணவுப் பொருளில் கடுகு இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நண்பர்களுக்குச் சமைக்கும்போது முன்கூட்டியே கேட்டுவிடுங்க. சாப்பிட்ட பிறகு உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவ உதவி தேவை.

தேன் கலந்த கடுகு சாஸை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி அவர்களுக்கு ஆபத்தானது.

போத்தலைத் திறக்கும் நாளில் மூடியில் தேதியை எழுதிவைங்க. "இதை எப்போ வாங்கினோம்?" என்ற கேள்விக்கே இடமிருக்காது.