மடிப்புத் தக்காளியின் வரலாறு



பூசணியைப் போல மடிப்பு மடிப்பாய்ப் பருத்த தக்காளியைக் கண்டால், அதனைக் குறையுடைய கனியெனக் கருதுவோர் பலர். வரலாறு கூறுவதோ வேறு. காட்டுத் தக்காளி சிறியது. அதனுள் பெரும்பாலும் இரண்டே விதையறைகள் உள. மெக்சிக்கோவின் பழங்குடி உழவர் பெருங்கனிகளின் விதையையே தேர்ந்து விதைத்தனர். அதனால் அறைகள் பெருகின. கனியும் பருத்து மடிப்புற்றது. 1521இல் ஸ்பானியர் அந்நாட்டை வென்றபின் தக்காளி ஐரோப்பாவை அடைந்தது. 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி அதனைத் தட்டையாய், சுளைசுளையாய்ப் பகுபட்ட கனியென்றே வருணித்தார்.

வழுவழுப்பு வந்தது பிற்காலத்தில். 1870இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அலெக்சாந்தர் லிவிங்ஸ்ரன், ஒரே சீரான 'பரகன்' தக்காளியை வெளியிட்டார். தோலுரிக்கவும் பெட்டியில் அடுக்கவும் எளிதான அத்தகைய கனிகளையே சந்தை விரும்பிற்று. கோணற் கனிகள் வீட்டுத்தோட்டங்களில் ஒதுங்கின. விதை காத்த முதியவர் மறைந்தால் அவ்வினமும் மறையும் நிலை ஏற்பட்டது.

1883இல் பவேரியாவிலிருந்து ஐயோவாவிற் குடியேறிய ஒரு குடும்பம், இறாத்தலுக்கு மேல் நிறுக்கும் தக்காளியொன்றின் விதையைத் தலைமுறைதோறும் காத்தது. அக்குடும்பத்துப் பேர்த்தியாரும் கணவரும் 1975இல் விதை காப்போர் சங்கமொன்றை நிறுவினர். அவ்வினம் இன்றும் வாழ்கின்றது.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆதலால், கலப்பினமல்லாத நற்கனியொன்றின் விதையை உலர்த்தி வைத்தல் ஓர் இனத்தைக் காத்தலாகும். அப்பணிக்கு ஒரு சிறு முற்றமே போதும்.