இரண்டாம் சாளரம் யாருக்குச் சொந்தம்?

1. ஆய்வுப் பொருள்

பொத்தானை அழுத்தினால் இன்னொரு சாளரம் திறக்க வேண்டும். மேசைக்கணினிச் செயலி எழுதப் பழகுகிறவர் மிகச் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் இது. திறப்பதற்கு ஒன்றிரண்டு வரிகள் போதும். ஆனால் பிழைகள் அந்த வரிகளில் அரிதாகவே இருக்கின்றன. திறந்த சாளரத்தை நினைவகத்தில் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள், அது மூடும்போது உடன் போவது எது என்று முடிவெடுக்காமல் விடுவதே சிக்கலின் வேர் என்பது இக்கட்டுரையின் துணிபு. பைத்தானுடன் வரும் டிகிண்டர், க்யூட் நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைக்யூட், டாட்நெட்டின் வின்ஃபார்ம்ஸ் ஆகிய மூன்று இடைமுகக் கருவித்தொகுப்புகளும் சான்றுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. பொத்தானும் செயற்கூறும்

பொத்தானிடம் செயற்கூறின் பெயரைக் கொடுக்க வேண்டும். அதைச் செய்துமுடித்த விளைவைக் கொடுக்கக் கூடாது. டிகிண்டரில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுவிட்டால், செயலி தொடங்கியதுமே இரண்டாம் சாளரம் தானாக வந்து நிற்கும். பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பைக்யூட்டில் இதே தவறு பிழைச்செய்தியோடு நின்றுவிடும். அது ஒருவகையில் நல்லது.

3. உரிமை

3.1 டிகிண்டர்

டிகிண்டருக்கு அடியில் இருப்பது டிகே. பெர்க்லியில் ஜான் ஊஸ்டர்ஹவுட் உருவாக்கிய இது 1991-ல் வெளிவந்தது. டிசிஎல் என்ற மொழிக்கான நீட்சியாகப் பிறந்தது. பைத்தானில் டிகே என்று முதன்மைச் சாளரத்தை உருவாக்கும்போது உள்ளே ஒரு டிசிஎல் மொழிபெயர்ப்பியும் எழுகிறது. இதை அறியாதவர் இரண்டாம் சாளரத்துக்கும் இன்னொரு டிகே எழுதுவார். சாளரம் திறக்கும், பார்வைக்குக் குறையே தெரியாது. ஆனால் இப்போது இரண்டு மொழிபெயர்ப்பிகள், ஒன்றின் மாறிகளை மற்றொன்று அறியாது. எந்தச் சாளரத்துக்கு என்று குறிப்பிடாமல் உருவாக்கிய எழுத்து மாறி முதல் சாளரத்தைச் சேர்ந்துவிடும். இரண்டாம் சாளரத்தில் அதை நம்பியிருக்கும் பெட்டி வெறுமையாகவே காட்சி தரும். பிழைச்செய்தி எதுவும் வராததால் இது ஆளை அலைக்கழிக்கும். இங்கே எழுத வேண்டியது டாப்லெவல். அது தாய்ச் சாளரத்தின் பிள்ளைகள் பட்டியலில் பதிவாகிறது. ஆகவே செயற்கூறு முடிந்து உள்ளூர் மாறி மறைந்தாலும் சாளரம் நிற்கும்.

3.2 பைக்யூட்

இங்கே கதை தலைகீழ். தாய் குறிப்பிடாத சாளரத்தை உள்ளூர் மாறியில் வைத்துத் திறந்தால், செயற்கூறு முடிந்த கணமே அதைச் சுட்டும் கடைசிப் பெயரும் போய்விடுகிறது. பைத்தான் அதை அழிக்க, க்யூட் அடியில் வைத்திருந்த சாளரமும் சேர்ந்து அழிகிறது. திரையில் ஒரு மின்னல், அவ்வளவுதான். அதனால்தான் சாளரத்தை முதன்மை வகுப்பின் உறுப்பாக வைக்கச் சொல்கிறார்கள். அந்தத் தீர்வுக்கும் ஒரு விலை உண்டு: இரண்டாம் முறை அழுத்தினால் அதே பெயருக்குப் புதிய சாளரம் வந்து உட்கார, திறந்திருந்த பழையது பயனர் கண்ணெதிரே மறையும்.

தாயைக் குறிப்பிட்டால் உரிமை தாய்க்குப் போகும். ஆனால் சாதாரண விட்ஜெட்டுக்குத் தாயைக் கொடுத்தால், தனிச் சாளரமாகத் திறக்காமல் தாயின் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். தனிச் சாளரம் என்று கொடியிட்டுச் சொல்ல வேண்டும். டயலாகுக்கு அந்தத் தொல்லை இல்லை.

3.3 வின்ஃபார்ம்ஸ்

திறந்திருக்கும் படிவங்களின் (சாளரங்களுக்கு இங்கே அதுதான் பெயர்) பட்டியலை வின்ஃபார்ம்ஸே வைத்திருப்பதால் உள்ளூர் மாறி போதும். தொடக்கநிலையினருக்கு மூன்றிலும் மென்மையானது இதுவே.

4. தடுக்கும் சாளரம்

இரண்டாம் சாளரம் திறந்திருக்கையில் முதலாவதைத் தொட விடலாமா? ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் பணியாற்றிய லாரி டெஸ்லர் பயனரை ஒரே நிலையில் பூட்டிவைக்கும் இடைமுகங்களை எதிர்த்தே வாழ்ந்தவர். தம் காரின் எண் பலகையில்கூட ‘நோ மோட்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தார். அவர் பக்கமே என் சாய்வும். கடவுச்சொல் கேட்பது, சேமிக்காத கோப்பைப் பற்றிக் கேட்பது ஆகிய இரண்டுக்கும் தடுப்பு பொருந்தும். வெறும் விவரம் காட்டத் தடுப்பது பயனரைச் சும்மா நிறுத்திவைப்பதாகும்.

வின்ஃபார்ம்ஸில் ஷோ என்றால் தடுக்காது, ஷோடயலாக் என்றால் தடுக்கும். இரண்டாவதன் வரியில் நிரல் நின்றுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அங்கே உள்ளுக்குள் இன்னொரு நிகழ்வுச் சுழற்சி ஓடுகிறது. கடிகாரங்கள் நிற்பதில்லை, திரை வரைவதும் நிற்பதில்லை. டயலாகைத் தடுப்போடு திறக்கும் க்யூட்டின் எக்ஸெக்கும் இப்படித்தான். அந்தச் சுழற்சி ஓடும்போதே தாய்ச் சாளரம் வேறு வழியில் அழிந்துவிடக்கூடும். ஆகவே க்யூட்டின் ஆவணமே எக்ஸெக்கைத் தவிர்த்து, உள்ளே இன்னொரு சுழற்சி ஓட்டாத ஓப்பனைப் பயன்படுத்தச் சொல்கிறது.

5. மூடுதல்

வின்ஃபார்ம்ஸில் ஷோவால் திறந்த படிவத்தை மூடினால் அதன் வளங்கள் விடுவிக்கப்படும். ஷோடயலாக்கால் திறந்ததை மூடினால் அது மறைகிறதே தவிர அழிவதில்லை. முடிவைப் படித்துக்கொள்வதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பிறகு டிஸ்போஸ் சொல்லி வளங்களை விடுவிப்பது நிரலர் பொறுப்பு.

அதிகம் பேரைத் திணறவைப்பது உள்நுழைவுப் படிவம். முதன்மைப் படிவமாக அதை ஓடவிட்டு, கடவுச்சொல் சரியானதும் மறைத்துவிட்டு, அடுத்ததைத் திறக்கிறார்கள். பயனர் வேலை முடித்து இரண்டாவதை மூடுகிறார். திரையில் ஒன்றுமில்லை, டாஸ்க் மேனேஜரில் மட்டும் செயலி ஓடிக்கொண்டிருக்கிறது. மறைந்திருக்கும் முதன்மைப் படிவம் மூடும்வரை நிகழ்வுச் சுழற்சி முடியாது என்பதே காரணம். மறைக்காமல் மூடினாலோ செயலியே முடிந்துவிடும். உள்நுழைவை முதலில் ஷோடயலாக்கால் காட்டி, விடை சரி என்று வந்த பின்னரே உண்மையான முதன்மைப் படிவத்தை ஓடவிட்டால், மறைப்பதற்கு ஒரு படிவமும் இருக்காது.