'ஆந்திரேய் ருப்லேவ்' திரைப்படத்தில் மணியும் வண்ணமும்

தார்க்கோவ்ஸ்கி 1966இல் முடித்த 'ஆந்திரேய் ருப்லேவ்', சோவியத்து நாட்டில் 1971இல்தான் பொதுமக்களுக்குத் திரையிடப்பெற்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் உருசியத் திருவுருவ ஓவியரைப் பற்றிய அப்படத்தின் ஆன்மிகக் கருத்து, இறுதிக் காட்சிகளிற் குறிப்பாகவே உணர்த்தப்படுகின்றது.

மணி வார்க்கும் இளைஞன், தந்தையின் தொழில் மறையைத் தான் அறிவதாகக் கூறிப் பணியேற்கின்றான். மணி ஒலித்தபின், தந்தை எதனையும் தனக்கு உரைத்திலர் எனச் சேற்றில் வீழ்ந்து அழுகின்றான். நெடுங்காலம் பேசா நோன்பிருந்த ருப்லேவ், அவனைத் தேற்றவே வாய் திறக்கின்றார். அதுகாறும் கருப்பு வெள்ளையாக ஓடிய படம், அதன்பின் வண்ணமுற்று அவர்தம் ஓவியங்களைக் காட்டுகின்றது.

மணியை மனித உழைப்பின் வெற்றிக்கே குறியீடாகக் கொள்ளலாம். ஆயின் மறையறியாதான் வார்த்த மணி ஒலித்தமைக்கு உழைப்பு ஒன்றே காரணமாக அமையாது. துணிந்தார்க்கு வாய்க்கும் அருளையே அது குறிக்கின்றது என்பது எம் துணிபு. படம் ஓவியத்தோடு முடியாது, மழையில் நிற்கும் குதிரைகளோடு முடிதலும், அவ்வருள் உயிர்க்கெல்லாம் பொது என்பதனை வலியுறுத்தும்.