ரத்தப் பை மீது வைத்த கண்

2018 டிசம்பர் 3. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகையோடு இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பை வந்தது சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து. நவம்பர் 30 அன்று ஓர் இளைஞர் தன் உறவினர் ஒருவருக்காகக் கொடுத்த ரத்தம் அது. உறவினருக்குத் தேவைப்படாததால் வங்கியில் இருந்தது. சோதித்துச் சரி என்று ஒட்டிய பைதான். ஆனால் அதில் எச்.ஐ.வி. இருந்தது.

அந்தச் செய்தி நாடெங்கும் பரவிய வாரத்தில், லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "என்ன சார், படிக்காத ஆளை வைத்தா சோதிக்கிறார்கள்?" எனக்கு அது சரியான கேள்வியாகவே படவில்லை. சோதிக்கிறவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. அவர் வேலையை யார் பார்க்க வேண்டும், அந்த ஆளுக்கு என்ன தகுதி வேண்டும் என்பதில்தான் விதி குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போய்ச் சோதிக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்குள் ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாயிற்று. மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கம் அமைத்ததிலும் 1994-இல் தமிழ்நாடுதான் முன்னோடி. இவ்வளவு முன்னால் ஓடிய மாநிலம் என்பதால்தான் சாத்தூர் இன்னும் உறுத்துகிறது.

அந்தக் காலத்தில் ரத்தத்தை விற்கிறவர்கள் இருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைப் பக்கம் நிற்பார்கள். உரிமமே இல்லாத ரத்த வங்கிகள் நாடு முழுவதும் நடந்தன. 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உரிமம் இல்லாத வங்கிகளும் ரத்தம் விற்பதும் அதோடு முடிவுக்கு வர வேண்டியதாயிற்று. மருந்து மற்றும் அழகுப் பொருள் விதிகளில் ரத்த வங்கிக்கென்று ஒரு பகுதியும் இதே 90-களில்தான் உருவாகி, 1999-இல் திருத்தி எழுதப்பட்டது. ரத்தத்தை மருந்தாகக் கருதியதால்தான் இந்த விதிகள் வந்தன. முகப்பவுடரும் ரத்தமும் ஒரே சட்டத்துக்குள் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அந்த விதி 122-ஜி என்ன சொன்னது? ரத்த வங்கிக்கு ஒரு மருத்துவ அலுவலர் வேண்டும். அவர் நோயியலிலோ ரத்தமேற்று மருத்துவத்திலோ மேற்படிப்பு முடித்தவராக இருக்கலாம், எம்.பி.பி.எஸ். மட்டும் என்றால் ரத்த வங்கியில் ஓராண்டு அனுபவம் வேண்டும். டெக்னீஷியன் என்றால் எம்.எல்.டி. பட்டமும் ரத்தச் சோதனையில் 6 மாத அனுபவமும், அல்லது டி.எம்.எல்.டி. டிப்ளமோவும் ஓராண்டு அனுபவமும். பதிவு பெற்ற செவிலியர் ஒருவர். கடைசியாக, 'தொழில்நுட்ப மேற்பார்வையாளர்'.

இந்தக் கடைசிப் பெயரைப் பார்த்ததும் நிம்மதி வரும். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது: ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று கூறுகளாகப் பிரிக்கும் இடத்தில் மட்டும்தான் அவர் தேவை. அவருக்குக் கேட்ட அனுபவமும் கூறு பிரிப்பதில்தான், தொற்றுச் சோதனையில் அல்ல. முழு ரத்தத்தை மட்டும் வாங்கிக் கொடுக்கும் சின்ன ஊர் வங்கிகளுக்கு அப்படி ஓர் ஆளே வேண்டியதில்லை. மருத்துவ அலுவலர் இருக்கிறாரே என்பார்கள். சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அவருக்கு வெளிநோயாளி, பிரேதப் பரிசோதனை, கோர்ட், முகாம் எல்லாம் உண்டு. லேப்புக்குள் 'இன்சார்ஜ்' என்று நாங்கள் அழைப்பது சீனியர் டெக்னீஷியனை. அது பல இடங்களில் பதவி அல்ல, வயதுக்குக் கொடுக்கும் மரியாதை. அவரும் ஊசி போட்டு ரத்தம் எடுப்பார், கிட் வைப்பார், ரிஜிஸ்டர் எழுதுவார். தன் வேலையைத் தானே எப்படிச் சரிபார்ப்பது?

மேற்பார்வை என்றால் முதுகுக்குப் பின்னால் நிற்பது என்று வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் அது சலிப்பூட்டும் வேலை. கிட் காலாவதி ஆகவில்லையே, சரியான குளிரில் இருந்ததா என்று பார்க்க வேண்டும். நோய் உள்ளது என்று முன்பே தெரிந்த மாதிரியையும், இல்லாத மாதிரியையும் கூடவே ஓட்டி, இரண்டும் சரியாகக் காட்டினவா என்று பார்க்க வேண்டும். எலைசா தட்டில் 96 குழிகள். நாளுக்கு நாலு பை வரும் ஊரில் தட்டு நிறையக் காத்திருப்பதா, அவசரத்துக்கு ரேபிட் கிட்டில் முடிப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். குழாய் எண்ணும் பை எண்ணும் ஒன்றுதானா என்று இன்னொரு கண் பார்த்த பிறகே லேபிள் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி, இந்தக் கொடையாளரை முன்பு ஒதுக்கியிருக்கிறோமா என்று தேட வேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் சிவகாசியில் நடக்காமல் போயிற்று. அதே இளைஞர் 2016-இலும் ரத்தம் கொடுத்திருக்கிறார், அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது, அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. பழைய கொள்கையின் நிழல் இதில் உண்டு. 90-களில் ரத்த வங்கிச் சோதனை பைக்குத்தான், ஆளுக்கு அல்ல. கெட்ட பையை அழித்துவிட்டால் கடமை முடிந்தது. கொடையாளருக்குச் சொல்லி ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் 2002-இன் தேசிய ரத்தக் கொள்கைக்குப் பிறகே வலுப்பட்டது. கொள்கை மாறிவிட்டது, பழக்கம் மாற ஒருவர் கூடவே நின்று மாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் இதே பாடத்தை வேறொரு வழியில் கற்றார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சிலைடுகளைச் சில லேப்கள் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பார்க்க வைத்தன. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தவர்களும் உண்டு, நம்மூரில் தீப்பெட்டி ஒட்டினார்களே அதுபோல. புற்றுநோய் தவறிப்போன கதைகள் 1987-இல் பத்திரிகையில் வந்தன. 1988-இல் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிகள் ஒருவர் 24 மணி நேரத்தில் 100 சிலைடுக்கு மேல் பார்க்கக் கூடாது என்றன. லேப் இயக்குநர், தொழில்நுட்ப மேற்பார்வையாளர், பொது மேற்பார்வையாளர், சோதிப்பவர் என்று படிகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தகுதி வைத்தன. சிக்கலான சோதனைகளில் பல பிரிவுகளுக்கு, வெறும் பட்டதாரி தொழில்நுட்ப மேற்பார்வையாளராக வேண்டுமென்றால் அந்தப் பிரிவிலேயே 4 ஆண்டுப் பயிற்சியோ அனுபவமோ வேண்டும். நாம் கேட்டது 6 மாதம்.

நம் நாட்டில் சண்டை வேறு பக்கம் நடந்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், லேப் அறிக்கையில் நோயியல் மேற்படிப்பு படித்த பதிவு பெற்ற மருத்துவர்தான் மேலொப்பமிடலாம் என்றது. தனியார் லேப் நடத்திய டெக்னீஷியன்களுக்கு அது பேரிடி. அடுத்த ஆண்டே மத்திய அரசு விதிகளைத் திருத்தியபோது எம்.எஸ்சி., பிஎச்.டி. படித்தவர்களுக்கும் கருத்துச் சொல்லாமல் கையெழுத்திட இடம் விட்டது. தமிழ்நாட்டுக்கு 1997-லேயே தனிச் சட்டம் உண்டு. அதற்கான விதிகள் வந்ததோ 2018-இல், 21 ஆண்டு கழித்து! காகிதத்தின் அடியில் யார் கையெழுத்து என்றே எல்லோரும் வாதாடினார்கள். குழாயைக் கையில் வைத்திருப்பவர் பக்கத்தில் யார் என்று கேட்டவர்கள் குறைவு.

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டாசு ஆலையில் போர்மேன் இல்லாமல் மருந்து கலக்கக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று எண்ணிப் பார்ப்பது அவர் வேலை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் இறந்த பிறகும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகும், இந்த ஊர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று "போர்மேன் எங்கே இருந்தார்?" என்பது. ரத்த வங்கி விஷயத்தில் மட்டும் நாம் அப்படிக் கேட்கவில்லை. மூன்று டெக்னீஷியன்கள் மீது நடவடிக்கை எடுத்ததும் பேச்சு அடங்கிற்று.

உண்மை வெளியே வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆய்வும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்காக அந்த இளைஞர் தனியாரிடம் சோதனை செய்துகொண்டார். தொற்று என்று தெரிந்ததும், தான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று அவரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். மேற்பார்வையாளர் செய்திருக்க வேண்டிய வேலை அது. அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டிருந்தது. அந்த டிசம்பர் முடிவதற்குள் அவர் இறந்துபோனார்.

அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் வந்த சோதனைகள் காட்டின.