சுவிட்ச் இணைப்புகளைத் தொலைவிலிருந்து சரிபார்த்தல்

வலையமைப்பில் எந்த சுவிட்ச் எந்தப் போர்ட் வழியாக எதனோடு இணைந்துள்ளது, அந்த இணைப்பு நலமாக இருக்கிறதா என்பதை நேரில் போகாமலே அறியும் முறை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் (1998), ஒரகடத்தில் ரெனோ–நிசான் (2010) என்று கார் ஆலைகள் எழுந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இதன் தேவை எளிதில் விளங்கும். ஈதர்நெட் செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். ஆலைக் கூடங்களோ அதைவிட நீளம். அதனால் கூடத்துக்குக் கூடம் ஃபைபர்தான். அந்த இணைப்புகளைச் சோதிக்க, ஓடும் உற்பத்தி வரிசைக்கு மேலே ஏணி போட்டு ஏறிப் பார்ப்பது சுலபமல்ல.

இதற்கு அடிப்படைக் கருவி எல்எல்டிபி என்ற நெறிமுறை; அண்டைச் சாதனங்கள் தம்மை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் முறை. 2005இல் ஐஇஇஇ 802.1ஏபி என்ற தரமாக வந்தது. இதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் சொந்த நெறிமுறையான சிடிபி அதற்கு முந்தியது. எல்எல்டிபியில் ஒவ்வொரு சுவிட்சும் வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை தன் பெயரையும் போர்ட்டையும் அண்டை சுவிட்சுக்குச் சொல்லும். 120 நொடி செய்தி வராவிட்டால் அந்தப் பதிவு அழியும். எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியே சுவிட்சுக்குள் நுழைந்து அண்டைப் பட்டியலைக் கேட்டால், உதாரணமாக 24ஆம் போர்ட்டின் மறுமுனை பெயின்ட் ஷாப் சுவிட்ச் என்று தெரிந்துவிடும்.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் சிஆர்சி பிழைகள் கூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃபைபரில் வந்துசேரும் ஒளியின் அளவையும் பார்க்க வேண்டும். நேற்று மைனஸ் 6 டிபிஎம் காட்டியது இன்று மைனஸ் 15 என்றால், ஒளி குறைந்திருக்கிறது; கனெக்டரில் தூசியோ ஃபைபரில் மடிப்போ இருக்கக்கூடும். இணைப்பு அறுமுன்பே கிடைக்கும் இந்த எச்சரிக்கைதான் இம்முறையின் பெரும்பயன்.

சோதனைக்காக எந்தப் போர்ட்டையும் தொலைவிலிருந்து அணைக்கும்முன், நீங்கள் உள்ளே வந்த வழி அதுவல்ல என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.