கோவைக் கரும்பும் வெட்டு நொதியும்

கோவையில் கரும்பு தாராளமாகப் பூக்கிறது. பூப்பதோடு நில்லாமல், முளைக்கத்தக்க விதையும் பிடிக்கிறது. வடநாட்டுக் கரும்பு வயல்களில் அரிதான இந்த அனுகூலத்தை உத்தேசித்தே 1912-ஆம் ஆண்டில் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே ஸ்தாபிக்கப்பட்டது. நிலையத்தின் பொறுப்பிலிருந்த பார்பர் துரையும், அவருக்கு உதவியாயிருந்து பின் அவர் பொறுப்பை ஏற்ற டி. எஸ். வெங்கடராமனும், தடித்து இனிக்கும் வெள்ளைக் கரும்பின் பூவிலே, வாய்க்கால் ஓரங்களில் எவரும் நடாமலும் நீர் பாய்ச்சாமலும் தழைக்கும் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்ததன் பலனாகப் பிறந்த கோ 205 என்னும் கரும்பு ரகம், 1918-இல் பஞ்சாபுக்குப் போய் வேரூன்றியது. சர்க்கரை அற்பமாயிருக்கும் அந்தப் புல்லின் ஜீவசக்தியை மதித்தார்களே, அதுதான் அவர்களுடைய மேதை.

தாய்க்கரும்பு தன் 80 குரோமோசோம்களையும் முழுதாகத் தர, 64 உடைய நாணல் பாதியாகிய 32-ஐத் தர, குழந்தைக்கு 112 அமைந்த அதிசயத்தை நுண்ணோக்கி காட்டிற்று. ஆனால், எந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் எவ்விடத்தில் உறைகிறது என்பதை அது காட்டவில்லை.

அதற்கு வழி பாக்டீரியாவிடம் இருந்தது. தன்னைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வைச் சிதைக்க அது வைத்திருக்கும் நொதி, குறிப்பிட்ட எழுத்துவரிசை கண்ட இடத்தில் மட்டுமே வெட்டும் என்று 1970-இல் ஹாமில்டன் ஸ்மித் கண்டார். மறு வருஷமே டேனியல் நாதன்ஸும் காத்லீன் டானாவும் ஒரு குரங்கு வைரஸின் டி.என்.ஏ.வை அந்நொதியால் 11 துண்டுகளாக்கிக் காட்டினர். வெட்டிய துண்டுகளை அகரோஸ் கூழின் குழிகளில் இட்டு மின்சாரம் செலுத்தினால் சிறியவை முந்தியும் பெரியவை பிந்தியும் நகர்கின்றன. அவற்றைச் சவ்வுத்தாளில் ஒற்றியெடுத்து, கதிரியக்கம் ஏற்றிய துணுக்கினால் தேடினால், எக்ஸ்ரே படலத்தில் கறுப்புக் கோடுகளாக விழுகின்றன. குரோமோசோமில் இடம் குறிக்கும் அடையாளங்களாக இக்கோடுகளே உதவின.

கரும்பிலோ ஒவ்வொரு குரோமோசோமுக்கும் பல பிரதிகள் உண்டாகையால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பும். ஆகவே, ஒரே பிரதியில் மட்டும் இருந்து, சந்ததியில் ஏறக்குறையச் சரிபாதிக்குப் போய்ச்சேரும் துண்டுகளைப் பொறுக்கி, எவையெவை கூடியே வருகின்றன என்று பார்த்து, அவை குரோமோசோமில் அருகருகே இருப்பவை எனக் கொண்டு வரிசைப்படுத்தும் உபாயத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் கையாண்டு, 1990-களின் முற்பகுதியில் கரும்பினத்தின் முதல் வரைபடங்களை வரைந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி எஸ்.இ.எஸ். 208 என்னும் இந்திய நாணல். அந்த மூன்றெழுத்து, கோவை நிலையத்தார் தேசமெங்கும் அலைந்து நாணல் திரட்டிய பயணங்களின் அடையாளம். அதே நாணலிலிருந்து மகரந்தப்பை வளர்ப்பினால் பெற்ற செடியின் மரபணுத்தொகுதிதான் 2018-இல் குரோமோசோம் வாரியாக வாசிக்கப்பட்டது. அந்த வரைபடங்களின் பெருமையில் நொதியைக் கண்டவர்களுக்கு எவ்வளவு பங்குண்டோ, புதர் புதராகத் தேடி அந்தப் புல்லைக் கொணர்ந்து காப்பாற்றியவர்களுக்கும் அவ்வளவு பங்குண்டு.